எங்க வீட்டுப் பிள்ளை யார் வீட்டுப் பிள்ளை?

பொங்கல் வந்தால் கரும்பு வரும், மஞ்சள் கொத்து வரும், கூடவே ஒரு பழைய சினிமாவும் வந்துவிடும். இந்தப் பொங்கலுக்கும் வந்தது. தொலைக்காட்சிப் பெட்டியில் வந்தது, கைப்பேசியில் வந்தது. கும்பக்கரையிலிருந்து காட்டுப் பாதையில் மூச்சிரைக்க ஏறி நாம் வெள்ளகவி போய்ச் சேர்ந்தபோது அங்கேயும் நமக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தது. 1965 ஜனவரி 14-ம் தேதி, பொங்கலன்று, வெளியான ‘எங்க வீட்டுப் பிள்ளை’யைத்தான் சொல்கிறோம்.

வெள்ளகவியைப் பாராத வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. பழனி மலையில், பெரியகுளத்துக்கும் கோடைக்கானலுக்கும் நடுவே, சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கிற ஊர் இது. ஊருக்குள் யாரும் செருப்புப் போட்டு நடப்பதில்லை. வார்ட் என்ற வெள்ளைக்காரச் சர்வேயர் 1821-ல் இங்கே தங்கித்தான் மேலே ஏறிக் கோடைக்கானலைப் பார்த்தான். அதன்பின் அங்கே பங்களாக்கள் எழுந்தன, பள்ளிகள் எழுந்தன. 1916-ல் லா காட் ரோடு முடிகிறவரை துரைமாரையும் துரைசானிகளையும் மலைக்கு ஏற்றிவிட்டது கூலிகளின் தோள்தான். நாற்காலியிலும் டோலியிலும் தூக்கிக்கொண்டு போனார்கள். மேலே உள்ள ஊர் உலகமெங்கும் பேர் வாங்கியது. வழிகாட்டிய வெள்ளகவி ஒரு சாலைக்காகத் தலைமுறை தலைமுறையாக மனு எழுதியது. காப்பிக்கொட்டையும் எலுமிச்சையும் குதிரை முதுகிலும் ஆள் தலையிலும் இறங்கின. பிரசவ வலி கண்டவளும் டோலியில்தான் இறங்கினாள்.

அப்படிப்பட்ட ஊரின் கோயில் திண்ணையில் பொங்கல் மறுநாள் சாயங்காலம் ஒரு கைப்பேசியைச் சுற்றிப் பத்துப் பதினைந்து பேர். எம்.ஜி.ஆர். மாடிப்படியில் சவுக்கோடு நின்று பாடுகிற காட்சி. எழுபத்தைந்து வயதுப் பெரியவர் ஒருவர் பாட்டு முடியும்வரை கண்ணிமைக்கவில்லை.

“தம்பி, எனக்கு அப்ப பதினாலு வயசு” என்றார். “காப்பி மூட்டை எங்கய்யா தலையில, எலுமிச்சை எந்தலையில. மண்டியில போட்டுட்டு, ராத்திரி பெரியகுளத்துல தரை டிக்கெட்டு. நம்பியாரு சவுக்கைப் பிடுங்கி அவரையே விளாசுறப்ப கொட்டகை கூரை பிச்சுக்கிட்டுப் போயிருச்சு. நான் விசில் அடிக்கக் கத்துக்கிட்டதே அன்னைக்குத்தான். மாமன், மச்சான், அக்கா, பிள்ளை, எல்லாரும் ஒண்ணா உக்காந்து பாக்கிற படம். இப்ப அப்படி ஒண்ணு சொல்லு பாப்போம்!”

கதை வாசகர்களுக்குத் தெரிந்ததுதான். சுருக்கமாகச் சொல்கிறோம். ராமு ஜமீன் வாரிசு. அக்காள் கணவன் கஜேந்திரன் சவுக்கால் அடித்து அடித்து அவனைக் கோழையாக வளர்த்து, சொத்தை ஆள்கிறான். ராமுவை உரித்து வைத்தாற்போல் வெளியில் ஒருவன், இளங்கோ. அவனுக்குப் பயம் தெரியாது. ஆள் மாறுகிறது. இளங்கோ பங்களாவுக்குள் வருகிறான், சவுக்கும் கை மாறுகிறது. முடிவில் இருவரும் பிரிந்துபோன இரட்டையர் என்று தெரிகிறது, இரண்டு ஜோடியும் சேர்கிறது. தெலுங்கில் என்.டி.ராமராவ் நடித்து 1964-ல் வந்த ‘ராமுடு பீமுடு’தான் மூலம். அதை எடுத்த சாணக்யாவே நாகிரெட்டி, சக்ரபாணியின் விஜயா கம்பெனிக்காகத் தமிழில் எடுத்தார். 1967-ல் அதே கதை திலீப்குமாரை வைத்து இந்தியில் ‘ராம் அவுர் ஷ்யாம்’ ஆயிற்று. 1974-ல் வாணிஸ்ரீ இரண்டு வேடம் போட்டு ‘வாணி ராணி’யும் வந்தது. எந்த மொழியில் போனாலும் இந்தக் கதை விலை போயிற்று. சவுக்கைக் கண்டு நடுங்குகிறவன் எல்லா மொழியிலும் இருந்தான் அல்லவா!

பெரியவர் சொன்னதை அவர் வீட்டு அம்மாளே ஒத்துக்கொள்ளவில்லை. “நீங்க சவுக்கைப் பாத்தீங்க. நான் பண்டரிபாயைப் பாத்தேன்” என்றார். “தம்பிக்கு அடி விழுகுது, இவ அழுவுறா. புருசனை எதுத்து ஒரு வார்த்தை கேட்டாளா? அவ பிள்ளையைத் தூக்கிக்கிட்டு ஒருநா வெளிய வந்திருந்தா படம் ரெண்டு ரீலோட முடிஞ்சிருக்கும். குடும்பப் படமாம், குடும்பப் படம்! பொம்பளை அழுதா குடும்பப் படம்.”

இந்த அபிப்பிராயத்தை நாம் எந்தப் பத்திரிகை விமர்சனத்திலும் படித்ததில்லை.

அடுத்துப் பேசியது அவர்கள் பேத்தி. வேடசந்தூர்ப் பக்கம் நூற்பாலையில் வேலை. விடுதியில் தங்கவைத்து, மூன்று வருஷம் முடிந்தால் கல்யாணத்துக்கு ஒரு தொகை என்று சொல்லிப் பிள்ளைகளைக் கூட்டிப்போன சுமங்கலித் திட்டம் நம் வாசகர்களுக்குத் தெரியும். பெயர் மாறி, ‘கேம்ப் கூலி’ என்று அது நடந்த கதையும் தெரியும். அந்தப் பெண் அமைதியாகக் கேட்டாள்: “தாத்தா, அவரு நம்பியாரை அடிச்சாரு, சரி. மறுநாள் அந்தப் பங்களா வேலைக்காரங்களுக்குச் சம்பளம் கூடுச்சா?”

பெரியவர் கொஞ்ச நேரம் யோசித்தார். “அதைக் காட்டலையே தாயி” என்றார்.

திண்ணை சிரித்தது. நாமும் சிரித்தோம். ஆனால் மலை இறங்கும்வரை அந்தக் கேள்வி நம்மை விடவில்லை.

நம் தோழர்களில் சிலர் இந்தப் படத்தை ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவார்கள். முதலாளி எடுத்த படம், ஜமீன் பிள்ளை கதை, உழைப்பாளியை மயக்கும் கஞ்சா, தீர்ந்தது. இது பாதி நியாயம். ஆட்டத்தைக் கவனியுங்கள்: சவுக்கு கை மாறுகிறது, ஆனால் ஜமீனை விட்டு வெளியே போகவில்லை! ஏழையாக வளர்ந்த இளங்கோவும் கடைசியில் ஜமீன் ரத்தம்தான். கெட்ட எஜமான் போய் நல்ல எஜமான் வருகிறான். நிலம் அங்கேயே இருக்கிறது, பங்களா அங்கேயே இருக்கிறது. வேலைக்காரன் கைகட்டி நின்ற இடத்திலேயே நிற்கிறான், இப்போது சந்தோஷமாக நிற்கிறான். பேத்தி கேட்ட கேள்வி இந்த மர்மத்தைத்தான் தொட்டது.

ஆனால் அந்த விசில்? அதையும் கஞ்சா என்று தள்ளிவிட நாம் தயாராக இல்லை. தரை டிக்கெட்டில் உட்கார்ந்தவனுக்குச் சவுக்கு சினிமாச் சாமான் அல்ல. கீழத் தஞ்சையில் பண்ணையாள் முதுகில் அது நிஜமாக விழுந்தது. அடித்த பிறகு சாணிப்பால் கரைத்துக் குடிக்க வைத்தார்கள். பிள்ளை பள்ளிக்குப் போனால் அடி, வரப்பில் நிமிர்ந்து நடந்தால் அடி. அந்தச் சவுக்கைப் பிடுங்க எந்த இரட்டைப் பிள்ளையும் மாடிப்படி ஏறி வரவில்லை. கன்னட தேசத்தில் பிறந்த பி.சீனிவாசராவ் வந்தார், ஊர் ஊராக நடந்தார், சேரியில் தங்கினார், செங்கொடிச் சங்கம் கட்டினார். அடித்தால் திருப்பி அடி என்றார். 1940-களின் நடுவில் சங்கத்துக்கு அடங்கி மிராசுதார்கள் கையெழுத்துப் போட்டார்கள்; சவுக்கடியும் சாணிப்பாலும் ஒழிந்தன. சினிமாவில் சவுக்கு கை மாறுவதற்கு இருபது வருஷம் முன்பே, வயலில் ஆயிரக்கணக்கான கைகள் சேர்ந்து அதை முறித்துவிட்டன. மாடிப்படிக் காட்சியில் எழுந்த ஆரவாரத்துக்குள் இந்த வயிற்றெரிச்சலும் இந்த நினைப்பும் இருந்தன. சொத்து ஜனங்களுடையது. கம்பெனி அதற்கு டிக்கெட் போட்டு அவர்களுக்கே விற்றது.

அந்தப் பொங்கல் எப்படிப்பட்ட பொங்கல் என்பதையும் பழைய நினைப்பில் மிதக்கிறவர்கள் மறந்துவிடுகிறார்கள். அதற்குப் பதினைந்து நாள் முன்னால்தான், 1964 டிசம்பர் கடைசியில், மார்க்சிஸ்ட் தலைவர்களையும் ஊழியர்களையும் நாடெங்கும் பாதுகாப்புச் சட்டத்தில் பிடித்து உள்ளே போட்டது சர்க்கார். அரிசிக்குத் தட்டுப்பாடு. பத்து நாள் கழித்து இந்தித் திணிப்பை எதிர்த்து மதுரையில் மாணவர் கிளர்ச்சி மூண்டது. வெளியே இப்படி, கொட்டகைக்குள் வண்ணப் படம், ஒரே ஒருவன் ஆணையிட்டால் ஏழைகளின் துன்பம் தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கை. நம்பியவர்களை நாம் குறை சொல்லவில்லை. பாடியவர் 1967-ல் சட்டசபைக்குப் போனார், 1977-ல் முதலமைச்சரானார். 1982-ல் சத்துணவுத் திட்டத்தை விரித்தார்; பிள்ளைகள் வயிற்றுக்குச் சோறு கிடைத்தது, அதை மறைக்க நமக்கு மனம் வராது. ஆனால் ஆலையும் பண்ணையும் யாருடையதாக இருந்தனவோ அவர்களுடையதாகவே இருந்தன.

1968 டிசம்பர் 25-ம் தேதி இரவு கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேரை, பெண்களும் பிள்ளைகளுமாக, குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். ‘எங்க வீட்டுப் பிள்ளை’ வந்து நாலு வருஷம்கூட ஆகவில்லை. அந்தப் படத்துக்கு விசிலடித்த பிள்ளைகளும் அந்தக் குடிசையில் இருந்திருப்பார்கள்.

நம் பக்கத்துக் குறையையும் சொல்லித்தான் ஆகவேண்டும். ஜனங்கள் சினிமாக் கொட்டகையில் குவிந்தபோது நம்மில் பலர் கூத்து என்று முகம் சுளித்துக்கொண்டு வெளியில் நின்றோம். எல்லோரும் அல்ல. பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் விவசாய இயக்கத்திலிருந்து கொட்டகைக்குள் போனார், எம்.ஜி.ஆர். வாயில் நம் பாட்டை வைத்தார். 1959-ல், இருபத்தொன்பது வயதில், செத்துப்போனார். 1960-ல் நிமாய் கோஷும் எம்.பி.சீனிவாசனும் சேர்ந்து ‘பாதை தெரியுது பார்’ என்று தொழிலாளிகளின் கதையைப் படமாக எடுத்தார்கள். ஜெயகாந்தன் அதற்குப் பாட்டு எழுதினார். அதில் நல்ல எஜமான் வந்து காப்பாற்றவில்லை, சங்கம் இருந்தது. பாட்டு நின்றது, படம் கொட்டகையில் நிற்கவில்லை. அது ஏன் நிற்கவில்லை என்று நாம் போதுமான அளவு யோசித்தோமா? விநியோகஸ்தர்கள் மேல் பழி போட்டுவிட்டு உட்கார்ந்தால் போதுமா? பண்டரிபாய் அழுதால் கூட அழுகிற அந்த வெள்ளகவி அம்மாளை உட்காரவைக்க நம் படத்துக்குத் தெரிந்திருந்ததா?

திண்ணைப் பேச்சுக்குத் திரும்புவோம். நாம் இப்படியெல்லாம் பேச, பெரியவர் வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டிருந்தார். பிறகு சொன்னார்: “ராமு வேற, இளங்கோ வேறன்னு நான் நினைக்கலை தம்பி. மண்டியில எடை போடுறப்ப மூட்டைக்கு இவ்வளவுன்னு கழிப்பான். கேக்க வாய் வராது. பத்து வருஷம் அப்படித்தான் நின்னேன். அப்ப நான் ராமு. ஒருநா நாங்க ஆறு பேரு சேந்து, மூட்டையை இறக்க மாட்டோம்னு தலையிலயே வச்சுக்கிட்டு நின்னோம். வெயிலு மண்டையைப் பொளக்குது. யாரும் இறக்கலை. கடைசியில அவனே வந்து கழிவை விட்டுட்டான். அன்னைக்கு நான் இளங்கோ. ரெண்டு பேருக்கும் ஒரே மூஞ்சி வச்சது சும்மாவா?”

சாணக்யாவுக்கும் நாகிரெட்டிக்கும் இப்படி ஓர் அர்த்தம் தோன்றியிருக்குமா, நமக்குச் சந்தேகம்தான். தோன்றாவிட்டால் என்ன? படம் எடுத்தவனுக்குப் பாதி, பார்த்தவனுக்குப் பாதி. ஒருவன் தனியாக நின்றபோது ராமு. ஆறு பேர் கூடியபோது அந்த ஆறு பேரும் இளங்கோ. இந்த விமர்சனத்தை எழுத அவருக்குப் பள்ளிக்கூடம் தேவைப்படவில்லை, தலையில் மூட்டையோடு நின்ற ஒரு மத்தியானம் போதுமாக இருந்தது.

பேத்தி விடவில்லை. “அப்ப தாத்தா, எங்க மில்லுல நானூறு பொண்ணுங்க இருக்கோம்” என்றாள். மேலே எதுவும் சொல்லவில்லை. பெரியவர் அவளை ஒரு பார்வை பார்த்தார். அம்மாளும் பார்த்தார். யாரோ பாட்டை மறுபடி வைத்தார்கள்.

புறப்படும்போது பெரியவர் நம்மை நிறுத்தினார். “அந்த இன்னொரு படம் சொன்னியே, பேரு என்ன?”

“பாதை தெரியுது பார்.”

அவர் சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. “எங்க ஊருக்கு வந்து சொல்ற பேரா இது! ஏப்பா, ரோட்டுக்கு மனு எழுதி எழுதிக் கை தேஞ்ச ஊருக்கா!” கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “சரி, கொண்டாங்க. அடுத்த பொங்கலுக்கு இந்தத் திண்ணையில போட்டுப் பாப்போம். நல்லா இருந்தா விசிலடிப்பேன். இல்லைன்னா எந்திரிச்சுப் போயிருவேன், சொல்லிப்புட்டேன்.”

தேடிக் கொண்டுவருகிறோம் என்று சொல்லிவிட்டு இறங்கியிருக்கிறோம்.