டீச்சரின் தொண்டைக்கு யார் பொறுப்பு?

ஜூன் பிறந்தால் நம் வீடுகளில் ஒரே அமளிதான். புது யூனிஃபார்ம், ஷூ, பிரவுன் பேப்பர், லேபிள், ஃபீஸ்... பிள்ளைக்கு லேசாகச் சளி பிடித்தால்கூட, 'பள்ளிக்கூடம் திறக்கறதுக்குள்ளே சரியாகணுமே' என்று டாக்டரிடம் ஓடுகிறோம். எல்லாம் சரி. அதே நாளில், அதே பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போகிற டீச்சரின் உடம்பைப் பற்றி யாராவது ஒரு நிமிஷம் யோசிக்கிறோமா?

"அவங்களுக்கென்ன, முழு மாசம் லீவு. சம்பளத்தோட ரெஸ்ட்!" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். உங்கள் வீட்டிலேயே ஒரு டீச்சர் இருந்தால் இந்தப் பேச்சு எவ்வளவு தப்பு என்று தெரிந்திருக்கும். விடைத்தாள் திருத்துவது, அட்மிஷன் வேலை என்று லீவில் பாதி கரைந்துவிடும். ஆனால் நான் சொல்ல வந்தது லீவுக் கணக்கு இல்லை, தொண்டைக் கணக்கு!

நாம் பேசும்போது தொண்டைக்குள் இருக்கும் இரண்டு குரல் நாண்கள் ஒன்றோடொன்று மோதி அதிர்கின்றன. ஆண்களுக்கு நொடிக்கு நூறு தடவைக்கு மேல், பெண்களுக்குச் சுமார் 200 தடவை! கத்திப் பேசினால் மோதலின் வேகம் இன்னும் கூடும். உலக்கை பிடித்த கையில் காய்ப்பு விழுகிற மாதிரி, ஓயாமல் மோதும் நாண்களின் ஓரத்திலும் காய்ப்பு விழும். குரல் கரகரக்கும், உடையும், மாலையானால் காற்றுதான் வரும். குரல் கோளாறு அதிகம் வரும் தொழில்களில் ஆசிரியர் தொழிலுக்குத்தான் முன்வரிசை. அதிலும் பெண்களுக்கு ஆபத்து கூடுதல்.

ஜூன் மாதத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? ஒன்றரை மாதம் வீட்டுக் குரலில் பேசியிருந்த தொண்டை, திடீரென்று ஒரே நாளில் ஐந்தாறு பீரியட் கத்துகிறது. தலைக்கு மேல் ஃபேன் சத்தம், வெளியே பஸ் ஹாரன், உள்ளே புது வகுப்பின் கூச்சல். நடக்கவே நடக்காதவர் திடீரென்று பத்து கிலோமீட்டர் ஓடினால் கால் என்ன ஆகும்? அதேதான்.

"அந்தக் காலத்து வாத்தியாரெல்லாம் மைக்கா வெச்சிருந்தார்?" என்று கேட்பவர்கள் உண்டு. வைத்திருக்கவில்லைதான். ஆனால் அவர்களில் எத்தனை பேர் தொண்டை கட்டி அவதிப்பட்டார்கள் என்று யாரும் கணக்கெடுக்கவும் இல்லையே!

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. பேசக் கூச்சப்பட்டே அதை மூடி வைத்திருக்கிறோம். குரல் நாண்களுக்கு முதல் மருந்து தண்ணீர். ஆனால் ஏராளமான டீச்சர்கள் பள்ளியில் தண்ணீரே குடிப்பதில்லை. ஏன்? குடித்தால் பாத்ரூம் போக வேண்டும். போக இடம் இருக்காது. இடம் இருந்தால் சுத்தம் இருக்காது. இரண்டும் இருந்தால் வகுப்பை விட்டுப் போக நேரம் இருக்காது. அதனால் காலையில் ஒரு வாய் காபியோடு கிளம்பி, சாயங்காலம் வீட்டுக்கு வந்துதான் சொம்பைத் தூக்குகிறார்கள். தொண்டை வறள்வது ஒரு பக்கம். தண்ணீர் குடிக்காமல், சிறுநீரையும் அடக்கி வைப்பதால் நீர்க்கடுப்பும் கிருமித் தொற்றும் வருவது இன்னொரு பக்கம். பெண்களுக்கு இந்தத் தொற்று சுலபமாக வரும். கவனிக்காமல் விட்டால் கிட்னி வரைக்கும் போகும்.

2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையைப் பாருங்கள். ஆண், பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறை வேண்டும் என்கிறது. ரொம்ப நல்லது. ஆசிரியர் வாரத்துக்கு, தயாரிப்பு நேரத்தையும் சேர்த்து, குறைந்தது 45 மணி நேரம் வேலை பார்க்க வேண்டும் என்கிறது. அதுவும் சரி. அந்த 45 மணி நேரத்தில் டீச்சர் எங்கே போவார்? அதற்கு அந்த அட்டவணையில் ஒரு வரி கிடையாது! கேரளத்தில் 2019-ல் பிள்ளைகள் தண்ணீர் குடிப்பதற்காகப் பள்ளிகளில் 'வாட்டர் பெல்' கொண்டுவந்தார்கள். அருமையான யோசனை. அந்த பெல் அடிக்கும்போது டீச்சரும் ஒரு டம்ளர் குடிக்கலாமே. குடிக்க வேண்டுமானால் முதலில் பாத்ரூம் வேண்டும்.

டீச்சர்களுக்குச் சில வார்த்தைகள். பள்ளி திறப்பதற்கு ஒரு வாரம் முன்பே தினமும் பத்து நிமிஷம் வாய்விட்டுப் படித்துத் தொண்டையைப் பழக்குங்கள். வகுப்பை அடக்கக் கத்தாதீர்கள். கையைத் தட்டுங்கள், மேஜையைத் தட்டுங்கள். அடிக்கடி தொண்டையைச் செருமாதீர்கள், அதுவும் நாண்களுக்கு அடிதான். தொண்டை கட்டினால் கிசுகிசுவென்று பேசுவதும் ஓய்வு ஆகாது. வாயை மூடிக்கொள்வதே ஓய்வு. பனங்கற்கண்டு போட்ட வெந்நீர் இதமாக இருக்கும், குடியுங்கள். ஆனால் அதிமதுரத்தைத் தினமும் மெல்லுகிற பழக்கம் வேண்டாம். அதிகமானால் ரத்த அழுத்தத்தை ஏற்றிவிடும். குரல் கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால், 'டீச்சர்னாலே இப்படித்தான்' என்று விட்டுவிடாமல் காது-மூக்கு-தொண்டை டாக்டரைப் பாருங்கள். காய்ப்பு என்றதும் ஆபரேஷன் என்று பயப்படாதீர்கள். பெரும்பாலும் குரல் பயிற்சியிலேயே சரியாகும்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் சொல்கிறேன். உங்கள் மனைவியோ மருமகளோ டீச்சராக இருந்தால், சாயங்காலம் வந்ததும் அரை மணி நேரம் அவரைப் பேச வைக்காதீர்கள். "ஏன் உம்முனு இருக்கே?" என்று கேட்கவும் வேண்டாம். அவர் கோபமாக இல்லை. தொண்டைக்கு லீவு விட்டிருக்கிறார், அவ்வளவுதான்.

பெற்றோர்களே, இதில் உங்கள் சுயநலமும் இருக்கிறது. கரகரத்த குரலில் நடத்தும் பாடம் பிள்ளைகளுக்குச் சரியாகப் பிடிபடுவதில்லை என்று ஆய்வுகளே சொல்கின்றன. நாற்பது, ஐம்பது பிள்ளைகளை ஒரே வகுப்பில் அடைத்துவிட்டு, 'கடைசி பெஞ்சுக்குக் கேட்கலை' என்று டீச்சரைக் குறை சொல்வதில் என்ன நியாயம்?

இந்த வருஷம் பெற்றோர்-ஆசிரியர் கழகக் கூட்டத்துக்குப் போகும்போது, மார்க் பற்றிக் கேட்பதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். டீச்சர்களுக்குத் தனியாக, தண்ணீர் வரும் பாத்ரூம் இருக்கிறதா? தொடர்ந்து நாலு பீரியட் இல்லாமல் நடுவில் ஒரு பீரியட் ஓய்வு தருகிறீர்களா? பெரிய வகுப்புகளுக்குக் கழுத்தில் மாட்டுகிற சின்ன மைக் வாங்கித் தர முடியுமா? ஆண்டு விழாப் பந்தல் செலவில் ஒரு மூலையை ஒதுக்கினால் மைக் வந்துவிடும். ஓய்வு பீரியட்டுக்கு டைம்டேபிளைக் கொஞ்சம் மாற்றினால் போதும். பாத்ரூமுக்குத்தான் பணம் வேண்டும். அதற்கும் முதலில் யாராவது வாயைத் திறந்து கேட்க வேண்டும். டீச்சர்கள் கூச்சப்படுவார்கள். நீங்கள் கேளுங்கள்!