ஒரு மணி நேரம் யாருக்கு?

"சென்னையிலிருந்து சேலத்துக்கு ஒரே ஒரு மணி நேரம்!" என்று தம்பட்டம் அடிக்கிறார்கள். மெத்தச் சரி. மீனம்பாக்கத்திலிருந்து சேலத்தின் காமலாபுரம் விமான நிலையத்துக்கு ஆகாய வழியில் சுமார் 265 கிலோமீட்டர். சிறிய விமானம் ஒரு மணி நேரத்தில் போய்விடும்.

அதே ஒரு மணி நேரத்தில் தாம்பரத்துத் தொழிலாளி எவ்வளவு தூரம் போகிறான்? மின்சார ரயிலின் கதவோரத்தில் தொங்கிக்கொண்டு கடற்கரை ஸ்டேஷன் வரை, 29 கிலோமீட்டர்! 1931இல் இந்தத் தடத்தில் மின்சார ரயில் விட்டான் வெள்ளைக்காரன். இன்றும் குரோம்பேட்டையில் காலை வேளையில் ஒரு வண்டியை விட்டு அடுத்த வண்டிக்கு நிற்கிறவர்களை நாம் அறிவோம்.

ஆகாயத்து ஒரு மணி நேரம் கூட முழுக் கணக்கல்ல. திரிசூலத்தில் இறங்கி, முன்னதாகவே போய்ச் சோதனைக்கு நின்று, பறந்து, காமலாபுரத்தில் இறங்கினால் சேலம் நகரம் இன்னும் 20 கிலோமீட்டர்! அதற்குக் கார் வாடகை வேறு.

2016இல் மத்திய சர்க்கார் 'உடான்' திட்டம் கொண்டுவந்தது. செருப்புப் போட்ட ஏழையும் இனி விமானம் ஏறுவான் என்றார் பிரதமர். ஒரு மணி நேரப் பிரயாணத்துக்கு உச்சக் கட்டணம் 2,500 ரூபாய், அதுவும் பாதி இருக்கைகளுக்குத்தான். மிச்ச நஷ்டத்துக்கு மூன்று வருஷம் மானியம். மானியத்தில் ஐந்தில் ஒரு பங்கை மாநில சர்க்கார் கொடுக்க வேண்டும். விமான எரிபொருள் வரியையும் ஒரு சதவீதமாகக் குறைக்க வேண்டும். நம் பஸ்ஸுக்கு ஊற்றும் டீசலுக்கு இந்தத் தயவு உண்டா?

பலன் என்ன? முதல் மூன்று சுற்றுகளில் கொடுத்த 774 தடங்களில் 403 தொடங்கவே இல்லை. மூன்று வருஷம் முழுதும் ஓடியவை 112. மானியம் நின்ற பிறகு, 2023 மார்ச்சில் எஞ்சியவை 54! சொல்வது நாமல்ல, தலைமைக் கணக்குத் தணிக்கையாளர்.

சேலத்தின் கதையோ இன்னும் நீளம். 2009இல் கிங்பிஷர் வந்தது, 2011இல் போயிற்று. அதன் முதலாளி மல்லையா பாங்குகளுக்குச் சுமார் 9,000 கோடி பாக்கி வைத்துவிட்டு 2016இல் லண்டனுக்குப் பறந்தார். அவருக்கு மட்டும் எந்தத் தடமும் அடைபடவில்லை! 2018 மார்ச்சில் ட்ரூஜெட் உடான் மானியத்துடன் வந்தது, 2021இல் நின்றது. 2023 அக்டோபரில் மறுபடி விமானம் வந்தது. முதலாளி வருவான், போவான். ஆனால் விஸ்தரிப்புக்கென்று 2018இல் சுமார் 570 ஏக்கர் கேட்டார்களே, அந்தக் காமலாபுரம், பொட்டியபுரம் விவசாயி எங்கே போவான்?

"கம்யூனிஸ்டுகளுக்கு விமானமே ஆகாதோ?" என்று கேட்பார்கள். ஆகும், ஐயா. நோயாளிக்கும் அவசரக்காரனுக்கும் அது வேண்டியதே. 1953இல் விமானக் கம்பெனிகளைத் தேச உடைமையாக்கியதை வரவேற்றவர்கள்தான் நாம். அந்த ஏர் இந்தியாவை 2022இல் டாட்டாவிடம் ஒப்படைத்துவிட்டு, தனியாரின் நஷ்டத்துக்குப் பொதுப்பணம் கொட்டுவதைத்தான் எதிர்க்கிறோம்.

மாநில ஆட்சியும் யோக்கியமல்ல. 2023 டிசம்பர் 30இல் கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தைத் திறந்தார்கள். அன்று அங்கே ரயில் நிலையம் இல்லை. சேலம் பஸ் பிடிக்க மூட்டையும் குழந்தையுமாக ஜனங்கள் ஜி.எஸ்.டி. சாலையில் பட்ட பாட்டுக்கு எந்த மந்திரி மானியம் கொடுத்தார்?

தாம்பரம்–கடற்கரைத் தடத்தில் நெரிசல் வேளையில் கூடுதல் வண்டி விடு! சேலம் ரயில்களில் முன்பதிவில்லாப் பெட்டிகளைக் கூட்டு! பண்டிகை நாளில் ஆம்னி பஸ் கட்டணக் கொள்ளையைத் தடு! இந்தக் கோரிக்கைகளுக்குத் தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் ஸ்டேஷன் வாசல்களில் கையெழுத்து வாங்க வேண்டும், தோழர்களே. காலை வண்டிக்கு வரும் கூட்டத்திலிருந்தே தொடங்குவோம்.