யாருடைய முரசுக்கு இந்த ஒட்டு?

இறங்கின முரசு தானாகத் திரும்ப வளராது. ஆனால் வெளியே தெரியிற பல் வேரைச் சத்திரசிகிச்சையால் மூடலாம். வழமையான முறை, மேல் அண்ணத்தில் இருந்து ஒரு துண்டுச் சதையை வெட்டி எடுத்து அங்கே ஒட்டுவது. வேரை மூடுவதில் இன்றைக்கும் அதுக்குத்தான் முதலிடம். ஒரு சிக்கல், வாயில் இரண்டாவதாக இன்னொரு புண்ணும் ஆற வேணும்.

அதைத் தவிர்க்கத்தான் புதுப் பொருட்கள் வந்திருக்கு. தானமாகக் கிடைத்த மனிதத் தோலில் இருந்து உயிரணுக்களை நீக்கி எடுத்த படலம், பன்றியின் கொலாஜன், பன்றிக் குட்டியின் வளரும் பல்லில் இருந்து எடுக்கும் புரத ஜெல், எங்கட சொந்த இரத்தத்தைச் சுழற்றி எடுக்கும் ஃபைப்ரின். எதை வைக்கப் போறீங்கள், அது எதில இருந்து வந்தது எண்டு கேட்பது நோயாளியின் உரிமை. மதமோ உணவுப் பழக்கமோ காரணமாகச் சிலதை ஏற்காதவர்கள் எங்களுக்குள் நிறையப் பேர்.

ஆனால் எனக்குப் பெரிய கேள்வி வேற. பல்லுக்கும் பல்லுக்கும் இடையில் இருக்கிற எலும்பும் முரசும் சேதமில்லாமல் இருந்தால்தான் ஒட்டு வேரை முழுசாக மூடும் எண்டு எதிர்பார்க்கலாம். இடையில் கரைந்துபோச்செண்டால் எந்த விலை கூடின பொருளும் பாதி வேலைதான் செய்யும், சில வேளை அதுவும் இல்லை.

இந்த இரண்டு விதமான இறக்கத்தையும் உலகுக்குக் காட்டியதில் மலையகத்துக்குப் பங்கு உண்டு. 1970இல் ஹரால்ட் லோ என்ற நோர்வே ஆய்வாளரின் குழு, பல் பராமரிப்பே கிடைக்காத 480 தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வாயைப் பரிசோதிக்கத் தொடங்கி, பல வருசம் பின்தொடர்ந்தது. நோர்வேயில் படித்தவர்களின் வாயையும் பார்த்தது. பல்லை நல்லாய்த் தீட்டின நோர்வேக்காரருக்கும் முரசு இறங்கியிருந்தது, ஆனால் பெரும்பாலும் வெளிப்பக்கம் மட்டும். தோட்டத் தொழிலாளரில் 90 வீதமானோருக்கு 30 வயதிலேயே வெளிப்பக்கம், உள்பக்கம், பல்லிடை எண்டு எல்லாப் பக்கமும் இறங்கிவிட்டது. 40 வயதில் தப்பினவர் ஒருத்தரும் இல்லை.

யோசிச்சுப் பாருங்கோ. ஒட்டுச் சிகிச்சை நல்லாய் வேலை செய்யிறது முதலாவது வகைக்கு. முரசு நோயின் பாடப்புத்தகத்துக்குத் தங்கட வாயைத் திறந்து காட்டினவர்களுக்கு வந்ததோ இரண்டாவது வகை.

ஒட்டுச் சிகிச்சை வேண்டாம் எண்டு நான் சொல்லேல்லை. பல் கூச்சத்தால் தண்ணி குடிக்கவே கஷ்டப்படுறவருக்கு அது பெரிய விடுதலை. ஆனால் பல்லிடை எலும்பைக் காப்பாற்றுவது ஊத்தையை நேரத்துக்கு எடுப்பதும், புகையிலையை விடுவதும், மென்மையான பிரஷ்ஷும்தான். லயன் வீடுகளுக்குப் பக்கத்தில் ஒழுங்காக வாற பல் கிளினிக் ஒண்டுதான் முதலில் வேணும். அந்த 480 பேரின் பேரப்பிள்ளைகளுக்கு மருத்துவ உலகம் பட்டிருக்கிற கடன் அது. அரசாங்கத்துக்கும் அதில் பங்கு இருக்கு.