காவலாளர் உறக்கம்

ஓடும் மோட்டார் நடுரஸ்தாவில் அணைந்துபோவது அசௌகரியமா, அபாயமா? அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியார் அசௌகரியமென்றே பல வருஷம் எழுதி வந்தனர். சாவி சுவிட்ச் நழுவும், எஞ்சின் நிற்கும், உயிர் காக்கும் காற்றுப்பைக்கும் மின்சாரம் அற்றுப்போகும். லாபமே குறியான கம்பெனியாரை விடுவோம். பிரஜைகளைக் காக்கவென்றே ஏற்பட்ட சர்க்கார் இலாகா என்ன செய்தது?

சுவிட்ச் நழுவியதே காற்றுப்பை விரியாமைக்குக் காரணமாகலாமென்று விஸ்கான்ஸின் போலீஸ்காரர் ஒருவர் 2007லேயே அறிக்கை எழுதினார். அது இலாகாவின் வசமிருந்தது. இருந்தும் அவ்வருஷமும், மீண்டும் 2010லும், விசாரணை வேண்டாமென்றே முடிவாயிற்று! 2014ல் கம்பெனி சுமார் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. நஷ்டஈட்டு நிதி ஏற்ற மரணங்கள் 124.

கம்பெனி தகவலை மறைத்ததென்று அமெரிக்கக் காங்கிரஸின் முன் இலாகாத் தலைவர் முறையிட்டார். மறைத்தது மெய்யே. ஆயினும், ஒரு போலீஸ்காரருக்குப் புலப்பட்டது நிபுணர் கூட்டத்துக்குப் புலப்படாமற் போனதற்கு அச்சமாதானம் போதாதென்பதே நம் அபிப்பிராயம்.