பெரிய எண், சின்ன ரோபோ

பெட்டியின் மூலையில் 1/144 என்று அச்சிட்டிருக்கிறது. பக்கத்துப் பெட்டியில் 1/100. எண் பெரிது என்றால் பொம்மையும் பெரிது என்று நம்பி முதல் பெட்டிக்குப் பணம் கொடுத்தவருக்கு, வீட்டில் பாகங்களைப் பூட்டி நிறுத்திய பிறகுதான் விஷயம் புரிகிறது. ரோபோ ஒரு சாண் உயரம்கூட இல்லை.

நகரத்தில் இருப்பவருக்கு இது சின்ன ஏமாற்றம். கேரளத்தின் எல்லையோரத் தமிழ்க் குடும்பங்களுக்கு அப்படி அல்ல. சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தவர்களுக்குப் பெரிய கடை வேண்டுமென்றால் கோவைக்கு வரவேண்டும். மூணாறு, குமுளிக்காரர்கள் மலை இறங்கித் தேனிக்கோ மதுரைக்கோ போகவேண்டும். இல்லாவிட்டால் செல்போனில் படத்தைப் பார்த்து வரவழைக்க வேண்டும். படத்தில் எல்லா ரோபோவும் ஒரே உயரம்தான். வாங்கியதை மாற்றப் போனால் ஒரு நாள் கூலி போய்விடும். ஆகவே எண்ணைப் படிக்கத் தெரிந்துகொள்வது நல்லது.

குழப்பத்துக்குப் பாதிக் காரணம் சொல்தான். தமிழில் 'அளவு' என்றால் உயரமும் அதுதான், விகிதமும் அதுதான். 'ஸ்கேல்' என்று கேட்டால் பள்ளிப் பிள்ளை பென்சில் பெட்டியிலிருந்து அடிக்குச்சியை எடுத்து நீட்டும். பெட்டியில் இருக்கும் எண் உயரத்தைச் சொல்லவில்லை. அசலை எத்தனை பங்காகக் குறைத்தார்கள் என்பதைத்தான் சொல்கிறது. 1/144 என்றால் அசலில் 144 அங்குலம், அதாவது 12 அடி, மாதிரியில் ஒரே ஒரு அங்குலம். வரைபடத்தில் ஒரு சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று போடுவார்களே, அதே கணக்கு. கீழே உள்ள எண் ஏற ஏற மாதிரி சிறுத்துக்கொண்டே போகும்.

ரோபோ மாதிரிகளில் உலகமெங்கும் பெயர்பெற்றவை ஜப்பானின் பண்டாய் நிறுவனத்து 'கன்டம்' மாதிரிகள். 1979இல் தொலைக்காட்சித் தொடராக வந்த கதையில் அந்த ரோபோவின் உயரம் 18 மீட்டர். அடுத்த ஆண்டு, 1980 ஜூலையில், 1/144 அளவில் முதல் மாதிரி 300 யென் விலைக்கு வெளியாயிற்று. பிறகு 1995இல் 1/100 அளவில் மாஸ்டர் கிரேடு, 1998இல் 1/60 அளவில் பர்ஃபெக்ட் கிரேடு என்ற வரிசைகள் வந்தன. அதே 18 மீட்டர் ரோபோ 1/144இல் 12.5 சென்டிமீட்டர், 1/100இல் 18 சென்டிமீட்டர், 1/60இல் 30 சென்டிமீட்டர்.

கற்பனை ரோபோவின் உயரம் மனதில் பிடிபடாது. கண்ணுக்குத் தெரிந்த ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். பாலக்காட்டுக்காரர்களுக்கு மலம்புழாத் தோட்டத்தில் கானாயி குஞ்ஞிராமன் 1969இல் முடித்த யட்சி சிலை இருக்கிறது. உயரம் 30 அடி. 1/144 கணக்கில் யட்சி இரண்டரை அங்குலம். கன்டம் ஏறத்தாழ ஐந்து அங்குலம், அவளைப்போல் இரண்டு மடங்கு. ஐந்தரை அடி மனிதர் அரை அங்குலம்கூடத் தேறமாட்டார்.

இடுக்கிக்காரர்களிடம் இன்னும் பெரிய அளவுகோல் உண்டு. குறவன், குறத்தி மலைகளுக்கு நடுவே வளைந்து நிற்கும் இடுக்கி அணையின் உயரம் 168.91 மீட்டர், அதாவது ஏறத்தாழ 554 அடி. பள்ளி அறிவியல் விழாவுக்கு ஒரு மாணவி, அணைக்கு முன்னால் ரோபோ நிற்பதுபோல் காட்சி அமைக்க விரும்புகிறாள் என்று வைத்துக்கொள்வோம். ரோபோ 1/144 என்றால் அட்டையில் செய்யும் அணை ஏறத்தாழ நான்கடி. மேஜைமேல் வைத்துவிடலாம். ரோபோ 1/100 என்றால் அணை ஐந்தரை அடி, மாணவியின் உயரத்தையே எட்டிவிடும். 1/60 வாங்கியிருந்தால் அணைக்கு ஒன்பதடிக்கு மேல் வேண்டும், வகுப்பறைக் கூரையை நோக்கிப் போய்விடும். ரோபோ பெரிதாக ஆக, அதன் உலகம் மேஜைக்குள் அடங்காமல் போகிறது. பெட்டி வாங்கும் முன்பே தீர்மானிக்க வேண்டியது இது.

அளவு விகிதம் ஒன்றாக இருந்தால் உயரமும் ஒன்றாக இருக்கும் என்பது அடுத்த மயக்கம். கன்டம் கதைகளிலேயே எஃப்-91 என்ற ரோபோ 15.2 மீட்டர். நியூ கன்டம் 22 மீட்டர். இரண்டையும் 1/144இல் வாங்கினால் ஒன்று பத்தரை சென்டிமீட்டர், மற்றது பதினைந்தரைக்குச் சற்றுக் குறைவு. இரண்டும் ஒரே விகிதத்தில் இருப்பதால் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வைத்தால் கதையில் உள்ளபடி சின்னதும் பெரியதுமாகச் சரியாகத் தெரியும். எஃப்-91ஐ 1/100இலும் நியூ கன்டத்தை 1/144இலும் வாங்கினால் இரண்டும் கிட்டத்தட்ட 15 சென்டிமீட்டர், இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. தனியாக வைத்து அழகு பார்ப்பவருக்குக் குற்றமில்லை. ஒரே காட்சியில் நிறுத்த நினைப்பவருக்குக் கதை கெட்டது. 'எஸ்.டி.' என்று போட்ட பெரிய தலை, குட்டை உடல் பொம்மைகளுக்கு விகிதமே கிடையாது என்பதையும் நினைவில் வைக்கலாம்.

விலையிலும் இடத்திலும் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. 1/144இலிருந்து 1/100க்குப் போனால் உயரம் ஒன்றரை மடங்குக்குச் சற்றுக் குறைவாகத்தான் கூடுகிறது. ஆனால் நீளம், அகலம், உயரம் மூன்றும் சேர்ந்து வளர்வதால் அடைத்துக்கொள்ளும் இடம் மூன்று மடங்கு. 1/60க்குப் போனால் ஏறத்தாழ 14 மடங்கு. தோட்டத் தொழிலாளர் லயங்களில் ஒரே அலமாரியில்தான் பாடப்புத்தகமும் துணியும் இருக்கும். அங்கே இந்தக் கணக்கு விலைச் சீட்டை விட முக்கியம்.

இதுவரை சொன்னது அசையாத பொம்மைகளைப் பற்றி. கேரளப் பள்ளிகளில் ரோபோ என்றால் இப்போது வேறு பொருளும் வந்திருக்கிறது. 2025-26 கல்வியாண்டு முதல் பத்தாம் வகுப்புத் தகவல் தொழில்நுட்பப் பாடத்தில் ரோபாட்டிக்ஸ் எல்லோருக்கும் உண்டு. தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகளும் இதில் அடக்கம். மாநில அரசின் கைட் நிறுவனம் பள்ளிகளுக்குக் கொடுத்த பெட்டியில் ஆர்டுயினோ பலகை, ஒளி உணர்வி, அகச்சிவப்பு உணர்வி, குட்டி செர்வோ மோட்டார் எல்லாம் இருக்கின்றன. இந்தப் பெட்டிகளில் 1/100, 1/144 என்று எதுவும் இராது. ஆனாலும் அளவுப் பிரச்னை இங்கேதான் கடுமையாகக் கடிக்கும்.

எஸ்.ஜி.90 என்னும் அந்தக் குட்டி மோட்டாரின் எடை 9 கிராம். அச்சிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளி அதிகபட்சம் 1.8 கிலோவைத் தாங்கும். பத்து சென்டிமீட்டர் தள்ளினால் 180 கிராம்தான். ஒரு மாணவர் 10 சென்டிமீட்டர் நீளத்தில், 20 கிராம் எடையில் ஒரு கை செய்கிறார். கையின் சொந்த எடை போக, நுனியில் இன்னும் 170 கிராம் தாங்கும். 'விழாவில் தூரத்திலிருந்து பார்க்கவேண்டும்' என்று அதே கையை நீளம், அகலம், தடிமன் மூன்றிலும் இரண்டு மடங்காக்குகிறார். எடை எட்டு மடங்கு, 160 கிராம். அந்த எடை இருக்கும் தூரமும் இரண்டு மடங்கு. மோட்டார் மீது ஏறும் பாரம் பதினாறு மடங்கு. கையைத் தாங்கவே பலம் சரியாகப் போய்விடும். நுனியில் மிச்சம் 10 கிராம். மோட்டார் கெட்டுவிட்டது என்று மாணவர் நினைப்பார். மோட்டாரில் பழுதில்லை, பெருக்கியதில்தான் பழுது.

பெரியவர்கள் கட்டும் பெரிய ரோபோக்களுக்கும் இந்த விதியிலிருந்து விலக்கு இல்லை. ஜப்பானின் யோகோஹாமாவில் 2020 டிசம்பர் முதல் 2024 மார்ச் வரை 18 மீட்டர் உயரத்தில், அதாவது 1/1 அளவிலேயே, அசையும் கன்டம் ஒன்றை வைத்திருந்தார்கள். எடை 25 டன். கை அசைந்தது, காலும் மடங்கியது. ஆனால் சொந்தக் காலில் நிற்கவில்லை, இடுப்பைப் பின்னாலிருந்து ஒரு தாங்கி பிடித்துக்கொண்டிருந்தது.

பாலக்காட்டை ஒட்டிய திருச்சூர் மாவட்டத்தில் இன்னொரு 1/1 ரோபோ உண்டு. இரிஞ்சாடப்பிள்ளி ஸ்ரீகிருஷ்ணர் கோயிலுக்கு 2023 பிப்ரவரியில் பீட்டா அமைப்பும் நடிகை பார்வதி திருவோத்தும் அளித்த இயந்திர யானை, 'இரிஞ்சாடப்பிள்ளி ராமன்'. உயரம் பத்தடிக்கு மேல். எடை 800 கிலோ. அதே உயரமுள்ள உயிர் யானை நான்கு டன் வரும். எடையை விட்டுக்கொடுத்தவர்கள் உயரத்தை விட்டுக்கொடுக்கவில்லை. திடம்பு கூட்டத்துக்கு மேலே தெரியவேண்டும் அல்லவா? எந்த அளவு அசலோடு ஒத்திருக்கவேண்டும், எதில் குறைத்துக்கொள்ளலாம் என்பதை முதலிலேயே முடிவு செய்திருக்கிறார்கள்.

பொம்மை வாங்கும் வீட்டிலும் இதே முடிவுதான் தேவை. ரோபோவின் பக்கத்தில் என்ன நிற்கப்போகிறது? அதற்கு ஏற்ற விகிதம் எது? பூட்டி முடித்தபின் உயரம் எத்தனை சென்டிமீட்டர்? கடையில் சொல்லும் நீள அகலம் பெட்டிக்கா, பொம்மைக்கா? மோட்டார் வைத்ததானால், எத்தனை கிராமை எவ்வளவு தூரத்தில் தூக்கவேண்டும்?

இவற்றுக்குப் பதில் கிடைத்த பிறகு, ஒரு பழைய அட்டையை ரோபோவின் உயரத்துக்கு வெட்டி அலமாரியில் இரண்டு நாள் நிறுத்தி வைக்கலாம். இந்த உயரம் போதும் என்று பிள்ளை சொன்னால், அதன்பின் கோவைக்கோ தேனிக்கோ பஸ் ஏறலாம்.