புல்தரைக்குப் பதிலா சுடுகாட்டுப் பூ

போன மாசம் சென்னையில மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். அடுக்குமாடிக் குடியிருப்பு. முன்னாடி பெரிய புல்தரை. பார்க்க அழகாத்தான் இருந்துச்சு. காலையில ஒருத்தர் குழாய் பிடிச்சு தண்ணி அடிச்சுக்கிட்டு இருந்தார். "தினமும் அடிக்கணுமா தம்பி?"ன்னு கேட்டேன். "வெயில் காலத்துல ரெண்டு வேளை அடிக்கணுங்கய்யா, இல்லைன்னா கருகிடும்"னார். எல்லாம் லாரித் தண்ணி.

லாரித் தண்ணி வானத்துல இருந்து வர்றது இல்லீங்க. எங்களை மாதிரி ஏதோ ஒரு ஊர்க்காரனோட கிணத்துல இருந்து வருது. பிள்ளைங்க விளையாடுற இடத்துக்குப் புல் வேணும், சரி. 'புல்லை மிதிக்காதீர்'னு போர்டு வச்ச இடத்துக்கு எதுக்குப் புல்?

அங்க நித்தியகல்யாணி வைங்கன்னு நான் சொல்றேன். நம்ம ஊர்ல சுடுகாட்டுப் பூன்னு சொல்வோமே, அதேதான். வருஷம் பூரா பச்சை, வருஷம் பூரா பூ. எங்க தென்மாவட்டத்துல இதை மானாவாரியாவே பயிர் பண்றாங்க. இலையும் வேரும் மருந்துக்குப் போகுது. குழந்தைங்களுக்கு வர்ற ரத்தப் புற்றுநோய்க்குக் குடுக்கிற வின்கிரிஸ்டின் இந்தச் செடியில இருந்துதான் எடுக்கிறாங்க. இதையா ஆகாத செடின்னு ஒதுக்கி வச்சோம்?

நானே அப்படித்தான் இருந்தேன். வாசல்ல வைக்கப் போனப்ப, "வீடு வெளங்குமாடா"ன்னு எங்கம்மா சண்டைக்கு வந்துச்சு. வச்சு ஆறு வருஷம் ஆச்சு. வீடு நல்லாத்தான் இருக்கு. எங்கம்மாவே இப்ப அந்தப் பூவைப் பறிச்சு சாமி படத்துக்கு வைக்குது.

வளர்க்கிறது சுலபம். ஒரு அடிக்கு ஒரு நாத்து நடுங்க. வேர் பிடிக்கிற வரைக்கும் மூணு நாளைக்கு ஒரு தண்ணி, அப்புறம் கோடையில வாரம் ஒண்ணு போதும். உயரமாப் போனா அரை அடி விட்டு நுனியை வெட்டுங்க. பக்கக் கிளை அடிச்சுத் தரையை மூடிடும், களையும் குறையும். தண்ணி மட்டும் தேங்கக் கூடாது, தூர் அழுகிடும். நல்ல வெயில் வேணும். ரெண்டு மூணு வருஷத்துல தண்டு முத்திப் போகும். அதுக்குள்ள விதை விழுந்து அடியிலயே நாத்து முளைச்சிருக்கும், அதைப் பிடுங்கி நட்டா ஆச்சு.

ஒரு எச்சரிக்கை. இது விஷச் செடி. ஆடு மாடு வாய் வைக்காது. சர்க்கரைக்கு நல்லதுன்னு இலையை மெல்றவங்க இருக்காங்க, தயவுசெஞ்சு அதைச் செய்யாதீங்க. சின்னப் பிள்ளைங்க வாயில வைக்காம பார்த்துக்குங்க.

புல்லு மாதிரி இதுமேல உக்கார முடியாது, உண்மைதான். ஆனா உங்க குடியிருப்புக் கூட்டத்துல ஒரு தடவை பேசிப் பாருங்க. முழுசும் மாத்த வேண்டாம், ஒரு ஓரத்துல பத்தடிக்குப் பத்தடி போதும். ஒரு கோடை போகட்டும், எத்தனை லாரி மிச்சம்னு நீங்களே கணக்குப் பாருங்க.