வாக்காளர் தேர்ந்தெடுத்தவர் விலகினால் முடிவு யார் கையில்? அமெரிக்கக் கட்சிப் பிரதிநிதிகளின் அதிகாரம்: ஓர் அலசல்

புதுடெல்லி: அமெரிக்க ஜனநாயகக் கட்சியின் தேசிய மாநாடு 2024 ஆகஸ்ட் 19ஆம் தேதி சிகாகோவில் தொடங்கியது. நான்கு நாள்கள் நடைபெற்ற அம்மாநாட்டின் நிறைவில், அதிபர் வேட்பாளராக அப்போதைய துணை அதிபர் கமலா ஹாரிஸ் ஏற்புரை நிகழ்த்தினார். ஆனால், வேட்பாளர் யார் என்ற முடிவு சிகாகோவில் எடுக்கப்படவில்லை. ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில் இணையவழியில் நடத்தப்பட்ட வாக்கெடுப்பிலேயே 4,567 பிரதிநிதிகளின் ஆதரவுடன் அவர் வேட்பாளராகிவிட்டார். வாக்கெடுப்பில் பங்கேற்றோரில் இது 99 விழுக்காடு.

இந்த எண்ணுக்கு அருகில் இன்னோர் எண்ணையும் வைத்துப் பார்க்க வேண்டியுள்ளது. 2024ஆம் ஆண்டின் முதற்கட்டத் தேர்தல்களில் ஜோ பைடனுக்கு வாக்களித்தோர் 1.4 கோடிக்கும் அதிகம். கமலா ஹாரிஸ் அத்தேர்தல்களில் அதிபர் வேட்பாளராகப் போட்டியிடவே இல்லை. கோடிக்கணக்கானோர் ஒருவரைத் தேர்ந்தெடுத்த பிறகு, சில ஆயிரம் பேர் கூடி மற்றொருவரை வேட்பாளராக்க முடியுமா? முடியும் என்கின்றன கட்சியின் விதிகள். அந்தச் சில ஆயிரம் பேர் யார், அவர்களுக்கு அந்த அதிகாரம் எங்கிருந்து வந்தது, அதற்கு எல்லை உண்டா என்பவையே அன்று அமெரிக்க அரசியல் எதிர்கொண்ட கேள்விகள்.

வாக்கு எவ்வாறு பிரதிநிதியாகிறது?

அமெரிக்க அரசமைப்புச் சட்டத்தில் அரசியல் கட்சி என்ற சொல்லே இடம்பெறவில்லை. ஆகவே, வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முறை முழுவதும் கட்சிகளின் விதிகளாலும் மாநிலச் சட்டங்களாலும் உருவானது. ஜனவரி முதல் ஜூன் வரை மாநிலந்தோறும் நடைபெறும் முதற்கட்டத் தேர்தல்களிலும் காக்கஸ் எனப்படும் கட்சிக் கூட்டங்களிலும் மக்கள் ஒருவரது பெயருக்கு வாக்களிக்கின்றனர். ஆனால், அவ்வாக்குகள் நேரடியாக வேட்பாளரைத் தீர்மானிப்பதில்லை. தேசிய மாநாட்டுக்கு அம்மாநிலம் அனுப்பும் பிரதிநிதிகளில் எத்தனை பேர் யாருக்கு என்பதை மட்டுமே அவை பங்கிடுகின்றன. மாநாட்டில் பிரதிநிதிகளின் பெரும்பான்மையைப் பெறுபவரே வேட்பாளர்.

பங்கிடும் முறையில் இரு கட்சிகளும் வேறுபடுகின்றன. ஜனநாயகக் கட்சியில் எல்லா மாநிலங்களிலும் விகிதாசார முறையே கட்டாயம். மாநில அளவிலோ, நாடாளுமன்றத் தொகுதி அளவிலோ 15 விழுக்காடு வாக்குகளைப் பெற்றவருக்கே பிரதிநிதிகளில் பங்கு உண்டு.

இந்த வரம்பு எவ்வாறு செயல்படுகிறது என்பதற்கு மிச்சிகன் நல்ல சான்று. காசா போரில் பைடன் அரசின் நிலைப்பாட்டை எதிர்த்து, 2024 பிப்ரவரியில் அம்மாநிலத்தில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் எவருக்கும் ஆதரவில்லை என்று வாக்களித்தனர். மாநில அளவில் அது சுமார் 13 விழுக்காடு மட்டுமே என்பதால் அங்குப் பங்கு கிடைக்கவில்லை. எனினும் டியர்போர்ன், ஆன் ஆர்பர் ஆகிய நகரங்களை உள்ளடக்கிய தொகுதிகளில் வரம்பைக் கடந்ததால் அவ்வியக்கத்துக்கு இரண்டு பிரதிநிதிகள் கிடைத்தனர். மினசோட்டாவில் மாநில அளவிலேயே வரம்பைத் தாண்டியதால் 11 பேர் கிடைத்தனர். நாடு முழுவதும் சேர்த்து ஏறத்தாழ 30 பேர். ஆயிரக்கணக்கானோர் கூடும் மாநாட்டில் இது சிறு எண்ணிக்கைதான். ஆயினும், ஒரு போராட்டக் குரல் மாநாட்டு அரங்கில் வாக்குரிமையுடன் அமர்வதற்கு விகிதாசார முறையே வழி செய்தது.

குடியரசுக் கட்சி மாநிலங்களுக்குக் கூடுதல் சுதந்திரம் அளிக்கிறது. மார்ச் நடுப்பகுதிக்குப் பிறகு தேர்தல் நடத்தும் மாநிலங்கள், முதலிடம் பெற்றவருக்கே அனைத்துப் பிரதிநிதிகளையும் வழங்கலாம். அதற்கு முன்னர் நடத்தும் மாநிலங்களிலும், பாதிக்கு மேல் வாக்குகள் பெற்றவருக்கு முழுவதையும் அளிக்க இடமுண்டு. கலிபோர்னியாவின் 169 பிரதிநிதிகளும் இவ்வாறே டொனால்டு டிரம்ப் வசம் சென்றனர். வெர்மான்ட் மாநிலத்திலும் தலைநகர் வாஷிங்டனிலும் வென்ற நிக்கி ஹேலி, நாடு முழுவதும் பெற்ற பிரதிநிதிகள் 97 பேர் மட்டுமே. மொத்தமுள்ள 2,429 பேரில் பெரும்பான்மைக்குத் தேவையான 1,215 என்ற எண்ணிக்கையை டிரம்ப் மார்ச் 12 அன்றே கடந்துவிட்டார். அதே நாளில் பைடனும் தமது கட்சியில் பெரும்பான்மையை எட்டினார்.

யார் இந்தப் பிரதிநிதிகள்?

இவர்களுள் பெரும்பாலானோர் பெயரறியப்படாத உள்ளூர்க் கட்சித் தொண்டர்கள்; ஆசிரியர்கள், தொழிற்சங்கத்தினர், மாவட்ட நிர்வாகிகள், ஓய்வு பெற்றோர் எனப் பலதரப்பட்டவர்கள். பயணச் செலவையும் தங்கும் செலவையும் பெரும்பாலும் தாங்களே ஏற்பவர்கள். ஜனநாயகக் கட்சியில் ஆண்களும் பெண்களும் சம அளவில் இடம்பெற வேண்டும் என்பது விதி.

இதைவிட முக்கியமான மற்றொரு விதியும் உண்டு. தம் பெயரால் செல்லவிருக்கும் பிரதிநிதிகளின் பட்டியலை முன்கூட்டியே பார்வையிட்டு, நம்பிக்கைக்கு உரியவரல்லர் எனக் கருதுவோரை நீக்கும் உரிமை ஜனநாயகக் கட்சியில் வேட்பாளருக்கு உண்டு. ஆகவே, பைடனின் சுமார் 3,900 பிரதிநிதிகளும் அவருடைய அணியினரின் பார்வையைக் கடந்து வந்தவர்கள்.

குடியரசுக் கட்சியின் பல மாநிலங்களில் நிலைமை வேறு. யாருக்கு எத்தனை பேர் என்பதைத் தேர்தல் தீர்மானிக்கும். அந்த இடங்களில் அமர்வோர் யார் என்பதை மாநிலக் கட்சி மாநாடுகள் தீர்மானிக்கும். 2016ஆம் ஆண்டில் டெட் குரூஸ் இந்த இடைவெளியை நன்கு பயன்படுத்திக்கொண்டார். பொதுமக்கள் வாக்கெடுப்பே நடத்தாத கொலராடோவில், கட்சிக் கூட்டங்கள் வாயிலாகவே பிரதிநிதிகளை அவர் வென்றெடுத்தார். மாநிலத் தேர்தல் முடிவுக்குக் கட்டுப்பட வேண்டியதில்லை என்று விதியைத் திருத்தி டிரம்ப்பைத் தடுக்க, அவ்வாண்டு கிளீவ்லாந்து மாநாட்டில் ஒரு பிரிவினர் மேற்கொண்ட முயற்சி தோல்வியடைந்தது.

சிகாகோவில் தொடங்கிய மாற்றம்

இன்றைய முறை முழுமையாக உருவாகி அரை நூற்றாண்டே ஆகிறது. 1832இல் பால்டிமோரில் ஜனநாயகக் கட்சி தனது முதல் தேசிய மாநாட்டை நடத்தியது முதல் நெடுங்காலம், மாநிலத் தலைவர்களின் பேரமே வேட்பாளரைத் தீர்மானித்தது. மூன்றில் இரு பங்கு ஆதரவு தேவை என்ற பழைய விதி நீடித்த 1924இல், நியூயார்க் மாநாடு 103 சுற்று வாக்கெடுப்புகளுக்குப் பின்னரே ஜான் டேவிஸைத் தேர்ந்தெடுத்தது. ஒரே சுற்றில் முடிவு எட்டப்படாத கடைசி மாநாடு 1952இல் நடந்தது. அட்லாய் ஸ்டீவன்சன் மூன்றாம் சுற்றில் தேர்வானார்.

திருப்புமுனை 1968இல் ஏற்பட்டது. மார்ச் 31 அன்று அதிபர் லிண்டன் ஜான்சன் போட்டியிலிருந்து விலகினார். ஜூன் மாதத்தில் ராபர்ட் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரு முதற்கட்டத் தேர்தலில்கூடக் களமிறங்காத துணை அதிபர் ஹியூபர்ட் ஹம்ப்ரி, சிகாகோ மாநாட்டில் வேட்பாளரானார். அரங்குக்கு வெளியே வியட்நாம் போர் எதிர்ப்பாளர்களைக் காவல் துறையினர் தாக்கிய காட்சிகள் நாடெங்கும் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகின. நவம்பரில் கட்சி தோற்றது. அதன் பிறகே, ஜார்ஜ் மெக்கவர்னும் அவரைத் தொடர்ந்து டொனால்டு ஃபிரேசரும் தலைமையேற்ற ஆணையம், பிரதிநிதிகள் வெளிப்படையான முறையில், வாக்காளர் பங்கேற்புடன் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்ற நெறியை வகுத்தது.

புதிய நெறிக்கு விரைவிலேயே சோதனை வந்தது. அதற்கு இணங்கத் தேர்ந்தெடுக்கப்படவில்லை எனக் கூறி, சிகாகோ மேயர் ரிச்சர்டு டேலியின் அணியைச் சேர்ந்த பிரதிநிதிகளை 1972 மாநாடு ஏற்க மறுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. தேசிய மாநாட்டுப் பிரதிநிதிகள் தொடர்பாக மாநிலச் சட்டத்தைவிடக் கட்சியின் தேசிய விதிகளுக்கே முன்னுரிமை என 1975இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வேட்பாளர் தேர்வு கட்சியின் உள்விவகாரம் என்ற வாதத்துக்கு இன்றும் அத்தீர்ப்பு வலுச் சேர்க்கிறது.

மனசாட்சி விதி பிறந்த கதை

தேர்தலில் கிடைத்த ஆணைக்குப் பிரதிநிதி எந்த அளவுக்குக் கட்டுப்பட்டவர்? 1980இல் இக்கேள்வி வெளிப்படையாக எழுந்தது. அதிபர் ஜிம்மி கார்ட்டருக்குப் பெரும்பான்மை இருந்தும், மக்களிடையே அவரது செல்வாக்குச் சரிந்திருந்தது. பிரதிநிதிகளை வாக்குறுதியிலிருந்து விடுவிக்க வேண்டும் எனக் கோரிய எட்வர்டு கென்னடி, நியூயார்க் மாநாட்டு வாக்கெடுப்பில் தோற்றார். ஆனால், அவருடைய வாதம் தோற்கவில்லை. அடுத்த தேர்தலுக்குள் அந்தக் கட்டாய விதி கைவிடப்பட்டது. தம்மைத் தேர்ந்தெடுத்தோரின் உணர்வை மனசாட்சிக்கு உட்பட்டுப் பிரதிபலிக்க வேண்டும் என்ற நெகிழ்வான விதி அதன் இடத்தைப் பிடித்தது.

அதே காலத்தில் சூப்பர் பிரதிநிதிகள் என்ற பிரிவும் தோன்றியது. ஆளுநர்கள், நாடாளுமன்ற உறுப்பினர்கள், தேசியக் குழு உறுப்பினர்கள், முன்னாள் அதிபர்கள் ஆகியோர் எந்தத் தேர்தல் முடிவுக்கும் கட்டுப்படாமல் வாக்களிக்கும் உரிமையை 1984 முதல் பெற்றனர். வாக்காளர்களின் விருப்பத்துடன் கட்சி மூத்தோரின் அனுபவத்தையும் இணைப்பதே நோக்கம். ஆனால் 2016இல் முதல் வாக்கு பதிவாகும் முன்பே நூற்றுக்கணக்கான சூப்பர் பிரதிநிதிகள் ஹிலாரி கிளின்டனை ஆதரித்தது, பெர்னி சாண்டர்ஸ் ஆதரவாளர்களின் கடும் சினத்துக்கு உள்ளானது. அதன் விளைவாக, போட்டி நிலவும் மாநாட்டின் முதல் சுற்றில் அவர்கள் வாக்களிக்க இயலாது என 2018இல் விதி திருத்தப்பட்டது.

முப்பத்தாறு மணி நேரம்

2024 ஜூன் 27 அன்று அட்லாண்டாவில் நடந்த விவாதத்தில் பைடன் தடுமாறியதைத் தொடர்ந்து எழுந்த நெருக்கடி, ஜூலை 21 அன்று அவரது விலகலில் முடிந்தது. அக்கணமே அவருடைய பிரதிநிதிகள் கட்டற்றவர்களாயினர். தமது ஆதரவு கமலாவுக்கே என்று அவர் அறிவித்தது வேண்டுகோளாக மட்டுமே அமைந்தது. பிரதிநிதிகளைக் கைமாற்றிக் கொடுக்க எந்த வேட்பாளருக்கும் உரிமை இல்லை.

ஆயினும் ஏறத்தாழ 36 மணி நேரத்துக்குள், பெரும்பான்மைக்குத் தேவையான 1,976ஐ விடக் கூடுதலானோர் கமலாவை ஆதரிப்பதாக அசோசியேட்டட் பிரஸ் நிறுவனத்தின் கணக்கெடுப்பு தெரிவித்தது. மாநில வாரியாகப் பிரதிநிதிகள் காணொலி வழியே கூடி முடிவெடுத்தனர். வேட்பாளராக விரும்புவோர் குறைந்தது 300 பிரதிநிதிகளின் கையொப்பம் பெற வேண்டும், ஒரே மாநிலத்திலிருந்து 50க்கு மேல் கணக்கில் கொள்ளப்படாது என விதிக்கப்பட்டது. வேறு எவரும் அத்தகுதியை எட்டவில்லை. போட்டியற்ற நிலையில் சூப்பர் பிரதிநிதிகளும் வாக்களித்தனர்.

அவசரத்துக்குக் காரணங்கள் இருந்தன. வேட்பாளர் பெயரைத் தெரிவிக்க ஓஹியோ மாநிலம் முதலில் விதித்திருந்த கெடு ஆகஸ்ட் 7. அக்கெடு பின்னர் சட்டத்தால் தளர்த்தப்பட்டபோதும், வழக்குகளுக்கு இடமளிக்க வேண்டாம் எனக் கருதி இணையவழி வாக்கெடுப்பைக் கட்சி கைவிடவில்லை. பிரசார நிதிக் கணக்கு பைடன், கமலா இருவர் பெயரிலும் இருந்ததும் அவருக்குச் சாதகமாயிற்று.

எழும் விமர்சனம், கிடைக்கும் பாடம்

இம்மாற்றத்தை ஆட்சிக் கவிழ்ப்புக்கு ஒப்பிட்டார் டிரம்ப். இது எதிர்த்தரப்பின் குரல் என ஒதுக்கிவிடலாம். ஆனால், வாக்காளர்களின் கருத்தை அறிய உடனடியாக இணையவழி முதற்கட்டத் தேர்தல் ஒன்றை நடத்த வேண்டும் எனப் பிளாக் லைவ்ஸ் மேட்டர் அமைப்பும் கோரியது. அதனை அவ்வாறு ஒதுக்க இயலாது.

சட்டப்படி இத்தேர்வில் பிழை காண்பது கடினம். வாக்காளர்கள் தேர்ந்தெடுத்தவரைப் பிரதிநிதிகள் வீழ்த்தவில்லை. அவர் தாமாக விலகிய பிறகே செயல்பட்டனர். பைடன் விலக மறுத்திருந்தால், அவருடைய அணியினரே சரிபார்த்து அனுப்பிய அவர்கள் கிளர்ந்தெழுந்திருப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. முடிவைத் தலைகீழாக்கும் ஆற்றலன்று, வெற்றிடத்தை நிரப்பும் ஆற்றலே அவர்களிடம் உள்ளது.

மாற்று வழியையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மாநாடு முடிந்த பிறகு வேட்பாளர் விலகினால், பொறுப்பு ஏறத்தாழ 450 பேர் கொண்ட ஜனநாயகக் கட்சித் தேசியக் குழுவிடம் செல்லும். 1972இல் துணை அதிபர் வேட்பாளர் தாமஸ் ஈகிள்டன் விலகியபோது, சார்ஜென்ட் ஷ்ரைவரைத் தேர்ந்தெடுத்தது அக்குழுவே. குடியரசுக் கட்சியில் அத்தகைய வெற்றிடத்தை 168 உறுப்பினர்களைக் கொண்ட தேசியக் குழு நிரப்பலாம். அதனுடன் ஒப்பிட்டால், எல்லா மாநிலங்களிலிருந்தும் வரும் நான்காயிரத்துக்கும் மேற்பட்டோரின் முடிவு மக்களுக்கு நெருக்கமானது.

எனினும் ஒரு குறை எஞ்சுகிறது. மனசாட்சிப்படி முடிவெடுக்கும் உரிமைக்குப் பொருள் இருக்க வேண்டுமானால், தெரிவு செய்ய ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்களும், அவர்களின் வாதங்களைக் கேட்க அவகாசமும் தேவை. 2024இல் இரண்டும் கிடைக்கவில்லை. தேர்தல் காலம் முடிந்தபின் வேட்பாளர் விலகினால் எத்தனை நாள்களுக்குள், எத்தகைய பொது விவாதத்துக்குப் பின் முடிவெடுக்க வேண்டும் என்பதை இரு கட்சிகளும் முன்கூட்டியே வகுப்பது நன்று. நெருக்கடி வந்த பின் எழுதப்படும் விதி, யாரோ ஒருவருக்குச் சாதகமானது என்ற ஐயத்தைத் தவிர்க்க இயலாது.

கமலாவின் தாய்வழித் தாத்தாவின் பூர்வீக ஊர், தமிழகத்தின் திருவாரூர் மாவட்டத்திலுள்ள துளசேந்திரபுரம் என்பதால், அத்தேர்தல் இந்தியாவிலும் ஆர்வத்தைத் தூண்டியது. ஆனால், அவர் முன்னிருந்த கேள்வி அமெரிக்க வாக்காளர்களுடையது. ஹம்ப்ரியும் பிரதிநிதிகளின் ஆதரவால் வேட்பாளரானவரே. சொந்தக் கட்சி வாக்காளர்கள் பலரின் மனக்கசப்புடனேயே அவர் பொதுத்தேர்தலைச் சந்திக்க நேர்ந்தது. அவரைப் போலன்றி, கட்சியின் பெருவாரியான ஒற்றுமையுடன் கமலா சிகாகோ வந்தார். முதற்கட்டத் தேர்தலில் கேட்கப்படாத கேள்விக்கு, 2024 நவம்பர் 5 அன்று வாக்காளர்களே விடையளித்தனர்.